சனிக்கிழமைச் சந்தையில் என் இடம்

பிப்ரவரி 8, சனி

வெயில் ஏறுவதற்குள் மேசை காலி. கடைசிக் கட்டுக் கொத்தமல்லிக்கு டீச்சரம்மாவும் தையற்காரரும் போட்டி போட்டார்கள். பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். "உங்க கீரைக்கு வர்றேனா, உங்க வாய்க்கு வர்றேனான்னு எனக்கே தெரியல" என்றார் தையற்காரர். ரெண்டுக்கும் சேர்த்துத்தான் விலை என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

வீட்டில் நான் சமைக்கிறவள், துவைக்கிறவள். வயலில் என் வீட்டுக்காரர் காட்டுகிற பாத்திக்குத் தண்ணீர் கட்டுகிறவள். சனிக்கிழமைச் சந்தையில் மட்டும்தான் நான் நானாக இருக்கிறேன். வாசலை ஒட்டிய அந்த மூலை இடம் சும்மா கிடைத்ததா? எத்தனை மழைக்காலம் குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றிருப்பேன்!

கிளம்பும்போது காலிக் கூடையைத்தான் தூக்கினேன். அடிவயிற்றில் சுருக்கென்றது. பக்கத்துக் கடைத் தேன்காரி ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள். கொஞ்ச நாளாகவே இப்படித்தான். அவரிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தேன்காரி போட்டுக் கொடுத்துவிட்டாள். அவர் கையோடு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். குடலிறக்கமாம். அறுத்துத் தைக்க வேண்டுமாம். டாக்டர் பார்க்கச் சின்னப் பெண். அதட்டுவது மாமியார் மாதிரி. "ஒன்றரை மாசத்துக்குக் குடத்தைக்கூடத் தொடக்கூடாது." அப்புறம் என்று கேட்டேன். "அப்புறம் பழையபடி வேலை பாக்கலாம். பாரத்தை மட்டும் வேற யாரையாவது தூக்கச் சொல்லுங்க."

அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிப்ரவரி 15, சனி

உடம்பை விட இடத்தைப் பற்றித்தான் கவலை. எங்கள் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மேற்பார்வையாளர் விசில் ஊதும்போது மேசையில் விரிப்பு இருக்க வேண்டும். வெறும் மேசை என்றால், வாசலில் காத்துக்கொண்டிருக்கிற புது ஆட்களில் ஒருவருக்கு அது போய்விடும். நாம் வர முடியாத நாளில் பக்கத்துக் கடைக்காரர் நம் விரிப்பை விரித்து வைத்தாலும் செல்லும். விரிப்புதான் ஆள்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தேன்காரி கையை நீட்டினாள். "விரிப்பைக் குடுங்கக்கா. நான் எதுக்கு இருக்கேன்? உங்க இடத்துல ஒரு ஈயை உக்கார விடமாட்டேன்." "உன் கடையில இருக்கற ஈயெல்லாம் எங்க போறதாம்?" என்றேன். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம், எனக்கு வயிறு வலிக்க வலிக்க.

பச்சைக் கட்டம் போட்ட விரிப்பு. துவைத்துத்தான் வைத்திருந்தேன். கொடுத்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. வலி. அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

பிப்ரவரி 22, சனி

அவரே கீரை அறுத்துக் கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து, "எல்லாத்தையும் அவ பாத்துக்குவா, நீ படு" என்றார். தேன்காரிக்குப் போன் போட்டேன். "விரிப்பு போட்டாச்சு, வித்தும் போச்சு. நிம்மதியா தூங்குங்கக்கா." போனை வைத்துவிட்டு அழுதேன். கூடப்பிறந்தவள் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இவள் யார் எனக்கு?

மார்ச் 1, சனி

சந்தையில் கூட்டமே இல்லையாம். இனி கீரை அனுப்ப வேண்டாம், விரிப்பை மட்டும் போட்டு வைக்கிறேன் என்கிறாள் தேன்காரி. அவரும் அதையேதான் சொல்கிறார். அறுக்கிற கீரையைத் தெருமுனைக் கடையில் போட்டுவிடுகிறாராம். என் கீரை அந்தக் கடைவாசலில் வாடிக் கிடக்குமே என்று இருந்தது. சரி, என்ன செய்வது.

அவர் வடித்த சோறு குழைந்து களியாகிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டேன். பாவம், மனுஷர் படாத பாடு படுகிறார்.

மார்ச் 8, சனி

சனிக்கிழமை வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இருக்கிற டப்பாவை எல்லாம் துடைத்து வைத்தேன்.

மார்ச் 22, சனி

இன்று அவர் விடியும் முன்னே வயலுக்குப் போய்விட்டார். எனக்கு வீடு கொள்ளவில்லை. சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், தேன்காரி என்னைப் பார்த்தால் துள்ளிக் குதிப்பாள் என்று பஸ் ஏறினேன்.

கூட்டம் இல்லையா? வாசலில் நுழைய முடியவில்லை.

என் மேசையில் என் விரிப்பு. அதன் மேல் கீரை. பின்னால் தேன்காரியின் தம்பி நிற்கிறான். முகம் தெரியும், போன வருஷம் வேலை போனவன். எனக்காகத்தான் விற்கிறான் போலிருக்கிறது, என்னிடம் சொல்லாமல் செய்து அசத்தப் போகிறார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அவ்வளவு மட்டி நான்.

டீச்சரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உடம்பு எப்படி இருக்கும்மா? நீங்க கடையை விட்டுட்டீங்கன்னு சொன்னதும் எனக்கு மனசே ஆறல. பரவாயில்ல, கீரையாவது உங்க தோட்டத்துதே கிடைக்குது."

என் தோட்டத்துது?

ஒரு கட்டை எடுத்துப் பார்த்தேன். நான் போடும் முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும். அவர் எதையும் நம்பாத மனுஷர். ரெட்டை முடிச்சுப் போட்டு, மேலே இன்னொரு சுற்றும் சுற்றுவார். கட்டு முழுக்க அவர் முடிச்சு. மேசை முழுக்க அவர் முடிச்சு.

விசில்காரரிடம் போனேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்க வீட்டுக்காரரே வந்து சொன்னாரேம்மா, இனிமே நீங்க வரமாட்டீங்க, இடத்தை இந்தப் பையனுக்குக் குடுங்கன்னு. உங்ககிட்ட கேக்கணும்னு எனக்குத் தோணலை. புருஷன் சொன்னா போதாதா?"

தேன்காரி ஒரு பாட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "உங்க வீட்டு அண்ணன்தான் சொல்ல வேண்டாம்னாருக்கா... பக்குவமா தானே சொல்லிக்கறேன்னாரு." போன்ல அத்தனை தடவை பேசினியேடி, விரிப்பு போட்டாச்சு விரிப்பு போட்டாச்சுன்னு! என்றேன். "விரிப்பு போட்டதும் நிஜம்தானேக்கா" என்றாள்.

அந்த இடத்திலேயே அவளை அறைந்திருப்பேன். தையல் போட்ட வயிறு. பஸ்ஸில் உட்கார்ந்து வந்தேன்.

மாலை

அவரிடம் கேட்டேன். மறைக்கவில்லை. கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, நான்தான் என்றார்.

"ஆபரேஷன் ரூம் கதவைச் சாத்தினப்ப நான் என்ன ஆனேன்னு உனக்குத் தெரியுமா? நீ கூடையைத் தூக்காம இருக்கமாட்டே. சொன்னா கேக்கவும் மாட்டே."

"பயந்தீங்கன்னா என்கிட்ட சொல்லியிருக்கணும். விசில்காரர்கிட்ட எதுக்குச் சொன்னீங்க?"

எழுந்து வாசல் பக்கம் போய்விட்டார்.

என் இடம். நான் மழையில நின்னு வாங்கின இடம். அதை இவர் எடுத்து இன்னொருத்தன் கையில குடுத்துட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு வடிச்சுப் போட்டிருக்காரு. ஒரு மாசம். தெருமுனைக் கடை, தெருமுனைக் கடைன்னு... எத்தனை சுலபமா பொய் சொல்ல வருது இவருக்கு! எனக்குத் தெரியாம வேற என்னென்ன சொல்லியிருக்காரோ?

மார்ச் 23, ஞாயிறு

தேன்காரி என்னை ஏமாற்றியது வயிற்றெரிச்சல். இவர் செய்தது என்னவென்றே சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 26, புதன்

தேன்காரி வந்தாள். விரிப்பைத் துவைத்து மடித்து, மேலே ஒரு பாட்டில் தேன் வைத்துக் கொண்டு வந்திருந்தாள். "தம்பிக்கு ரெண்டு குழந்தைங்கக்கா. அண்ணன் கேட்டப்ப என்னால வேண்டாம்னு சொல்ல முடியல." சரி, என்னிடம் சொல்லவும் ஏன் முடியவில்லை? இடத்தைத் திருப்பித் தரச் சொல்லட்டுமா என்று கேட்டாள். கேட்கும்போதே எங்கே சரி என்று சொல்லிவிடுவேனோ என்று அவள் கண் அலைந்தது.

அந்தக் கண்ணைப் பார்த்த பிறகு அவள் பக்கத்தில் நின்று வியாபாரம் பண்ண என்னால் ஆகாது. வேண்டாம் என்றேன். தேனையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். அழுதாள். அழட்டும்.

மார்ச் 30, ஞாயிறு

டாக்டர் தையலைப் பார்த்தாள், நன்றாக ஆறிவிட்டதாம். அவர் சந்தைக்குக் கீரை கொடுப்பதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வாரமாகப் பேசவும் இல்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறேன். இன்று தட்டை எடுத்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமைல இன்னொரு ஊர்ல சந்தை கூடுதாம். நான் வேணா தூக்கிட்டு வரட்டுமா?" என்றார். கேட்கத் தெரிகிறது. இப்போதுதான் தெரிகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பஸ் டிப்போவுக்குப் பின்பக்கம் அந்தச் சந்தை. காத்திருப்பவர்கள் வரிசையில் கடைசியாக நின்றேன். எல்லாம் சின்ன வயசுக்காரர்கள். எனக்குக் கிடைத்தது சாக்கடையை ஒட்டிய மேசை. பரவாயில்லை.

இங்கே மேற்பார்வைக்கு ஒரு அம்மா. கறாரானவர். எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "நீங்க வர முடியாத நாள்ல உங்களுக்காக யார் வந்து சொன்னா நாங்க ஏத்துக்கலாம்? இவரா?"

அவர் எனக்குப் பின்னால் கூடையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"இல்லைங்க. நான் சொன்னா மட்டும்தான்."

"இவர் உங்க வீட்டுக்காரர்தானே?"

"ஆமாங்க. கூடை தூக்க வந்திருக்காரு."

கூடையை மெதுவாக இறக்கினார். கீரையை மேசையில் பரப்பவா என்று கேட்டார். நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் வேனில் உட்காருங்கள் என்றேன். போனார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூப்பிட்டிருப்பேன்.