குவாரிக்குப் பக்கத்து வீடு

அண்ணாவுக்கு,

அண்ணிக்கு முழங்கால் வலி குறைந்ததா?

உங்கள் கல்குவாரியில் வெடி வைக்கும்போது நிலம் எவ்வளவு அதிர்கிறது என்று அளக்க, பக்கத்திலிருந்த சாரதாமணி அக்கா வீட்டில் கனிமவளத் துறை அதிகாரியாக நான் கருவி வைத்திருந்தேன். அதிர்வு எல்லை மீறியதும் வெடிமருந்தைக் குறைக்கச் சொன்னேன்.

"நம்மூட்டுப் புள்ளையே இப்புடிப் பேசுனா எப்புடி அம்மணி?" என்று சிரித்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை மருந்தைக் குறைக்காமலே வெடி வைத்தபோது அந்த வீட்டுச் சுவர் அக்காமேல் சரிந்தது. ஆம்புலன்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணங்கூடச் சண்டை போட்டுக்காத கண்ணு" என்றார். பீளமேட்டு ஆஸ்பத்திரி வருவதற்குள் அந்தக் கை தளர்ந்துவிட்டது.

குவாரியை மூடச் சொல்லும் அறிக்கையில் இன்று கையெழுத்திட்டேன்.

வர்ஷினி கல்யாணத்தில் அத்தையாக நான் செய்யவேண்டிய சீரை வேறு யாரையாவது செய்யச் சொல்லுங்கள். அவளுக்கு எடுத்த பச்சைப் பட்டுச் சேலையைக் கொடுத்தனுப்புகிறேன். யார் எடுத்தது என்று அவளிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கூடப்பிறந்தவள்