கடைசி கான்வாய் போன பிறகு

ஐப்பசி, வியாழன் இரவு. ஃபெரார்கஞ்ச்.

காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரங்கத்தில் இன்று மாலை அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் நான்தான் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். வழியில் சித்தப்பா மகன் செல்வம் வீட்டில் டீ குடிக்க நின்றேன்.

“அரே அண்ணா, கோழி வெந்துட்டிருக்கு. கான்வாய் என்னைக்கு டைமுக்குக் கிளம்பியிருக்கு?”

சாப்பிட்டேன். ஜிர்காடாங் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, காட்டு வழியே வண்டிகளைச் சேர்த்து அனுப்பும் இன்றைய கடைசி கான்வாய் போய்விட்டிருந்தது. நிருபர் அடையாள அட்டையைக் காட்டினேன். “கல் ஆயியே, தாதா”, நாளைக்கு வாங்க அண்ணா என்றார் கேட்டில் இருந்த போலீஸ்காரர். செல்வம் வீட்டுக்கே திரும்பினேன்.

அக்காவுக்குப் போன் செய்தேன்.

“செய்தின்னா விடியறதுக்கு முன்னாடியே போய் நிப்பியே. தட்டு மாத்தியாச்சு. உன் இடத்துல பக்கத்து வீட்டு பெங்காலி தாதா நின்னாரு.”

அவருக்குத் தமிழ் தெரியாது. எப்போது எழுந்து தட்டைக் கொடுக்க வேண்டும் என்று அக்காதான் ஜாடை காட்டியிருப்பாள்.