டாம்சினின் புதன்கிழமைப் பிற்பகல்

கிரஹாம்,

பாடத்திற்கு அப்பாற்பட்ட பணியாகப் புதன்கிழமைப் பிற்பகலுக்கு நம் மகள் டாம்சின் தேர்ந்தெடுத்திருந்த நாய்க் காப்பகத்தை நீக்கி, அவளை விவாத மன்றத்தில் சேர்க்கும்படி மேல்நிலைக் கல்லூரிக்குத் தொலைபேசியில் சொன்னீர்களாமே! "நாய் குளிப்பாட்டினேன்னு பல்கலைக்கழக விண்ணப்பத்துல எழுதினா எவன் மதிப்பான்?" என்று நேற்றே முணுமுணுத்தீர்கள். கால்நடை மருத்துவராவதற்கென்றே உயிரியலும் வேதியியலும் எடுத்தவள் அவள். "அம்மா, நான் நாய்கிட்டப் போய் வாதாடணுமா?" என்று கேட்டு அழுதாள்.

பொறுப்பாசிரியை திருமதி பார்ஜெட்டர் நான்கு மணிக்கு அழைப்பார். மாற்றுவதற்கு இன்றே கடைசி நாள். "என் மனைவி சொல்றா" என்னாமல், "நான் செஞ்சது தப்பு" என்று சொல்லிப் பழையபடி மாற்றுங்கள்.

ஹிலரி

பி.கு.: அடுப்பில் ஷெப்பர்ட்ஸ் பை இருக்கிறது, சூடாக்கி உண்ணுங்கள். சினம் உங்கள் மீதுதான், உங்கள் வயிற்றின் மீது அன்று.

இன்னொன்று: ஆசிரியையிடம் சொன்னதை டாம்சினிடமும் சொல்லுங்கள். நேரில் சொல்லுங்கள், தொலைபேசி வேண்டா.