வெள்ளிக்கிழமை முட்டை

ஜனவரி 19, திங்கள்
பனி. பாடசாலைச் சாப்பாட்டு அறைச் சுவரில் உணவுப் பட்டியல். வெள்ளிக்கிழமைக்கு நேரே ‘முட்டை’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம். போன கிழமை அந்த வட்டம் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. சோறு, பருப்பு, கீரை இறக்கி வைத்துவிட்டு வந்தோம்.
அம்மா இந்தப் பாடசாலைக்குச் சமைத்துக் கொடுப்பது மூன்றாவது வருடம். நான் பத்தாம் ஆண்டோடு படிப்பை விட்டதிலிருந்து நானும் கூட.

ஜனவரி 20, செவ்வாய்
அதிபர் அம்மாவைக் கூப்பிட்டார். புதியவர், வந்து இரண்டு கிழமை. நான் வாசலில், வெறும் சட்டியோடு.
அரசாங்கப் பணத்தில் வாங்கும் சாப்பாடு பட்டியலில் உள்ளபடி இருக்க வேண்டுமாம். போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமைகூட முட்டை இல்லை. நிபந்தனை மீறியவர் இந்த வருட ஒப்பந்தத்துக்கு விண்ணப்பிக்க முடியாதாம்.
“வெள்ளிக்கிழமை ஊரே சைவம், சேர். வியாழனுக்கு மாத்திக் குடுத்தனான். பழைய சேர்தான் அப்பிடிச் செய்யச் சொன்னவர்.”
“எழுத்திலை இருக்கோ?”
இல்லை. வெள்ளிக்கிழமை முட்டை வைத்தால் பாதிப் பிள்ளைகள் தட்டைத் தள்ளிவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததை இங்கே யார் எழுதி வைக்கிறார்கள்.
பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் வான் வண்டியில் கொண்டுவந்து தரத் தயாராம். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வெள்ளி.
நாளைக்கு: கௌபிப் பயறு ஊறப்போட. பூசணி அரைவாசி. விறகு. தேசிக்காய்.

ஜனவரி 21, புதன்
ஒப்பந்தத்தோடு தந்த நிபந்தனைத் தாள்கள் அலுமாரியில், சொப்பிங் பைக்குள். ஒன்பது பக்கம். இதுவரை ஒருவரும் வாசிக்கவில்லை. இன்று நான் இரண்டு தரம்.
ப. 4: ஊர் வழக்கத்துக்கேற்ப உணவு நாளை மாற்றலாம். பாடசாலை உணவுக் குழு அதைப் பதிய வேண்டும். (பதிவது அவர்கள் வேலை. அம்மாவின் வேலை இல்லை!)
ப. 6: அதே ஊர்க் குடும்பங்களுக்கு முன்னுரிமை.
ப. 7: எந்த விண்ணப்பத்தையும் வாங்காமல் திருப்பக் கூடாது. தகுதியைக் குழு கூடித்தான் தீர்மானிக்கலாம்.
அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
“அதிபரோடை கொழுவாதை, பிள்ளை. தங்கச்சி அங்கைதான் படிக்கிறாள்.”
வெறும் தாளும் பேனையும் எடுத்தேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. எழுத வரும்.

ஜனவரி 22, வியாழன்
முட்டை நாள். அவித்து உரித்ததில் விரல் நுனியெல்லாம் எரிவு.
பின்னேரம் சைக்கிளில் ஏழு வீடு. வாய் திறக்கத் தேவையில்லாதபடி எல்லாம் கடிதத்தில் எழுதியிருந்தேன்: முட்டையை வியாழனுக்கு மாற்றச் சொல்லிப் பழைய அதிபரிடம் கேட்டது பெற்றோராகிய நாங்கள், வியாழன்தோறும் பிள்ளைகளுக்கு முட்டை கிடைத்தது. ஐந்து வீட்டில் கையெழுத்து. ஒரு வீட்டில் ஆள் இல்லை. இன்னொரு வீட்டில் அதிபரை நினைத்துப் பயம், நேரே சொல்லவில்லை.
கோயிலடி மாமி கையெழுத்து வைத்துவிட்டு, “உனக்கு வாயே இல்லையெண்டெல்லோ நினைச்சனாங்கள்” என்றார். நான் சிரிக்கவில்லை. சைக்கிள் சங்கிலி இரண்டு தரம் கழன்றது.
நான் நிரப்பிய விண்ணப்பத்தில் அம்மா ஒப்பமிட்டார். பேனையைத் திருப்பித் தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜனவரி 23, வெள்ளி
மேகம். அம்மா பிள்ளைகளுக்குப் பரிமாறப் போனார். அலுவலகத்துக்கு நான் மட்டும். உறையை நீட்டினேன். அதிபர் தொடவில்லை.
“அம்மாட்டைச் சொல்லியாச்சுத்தானே, தகுதியில்லையெண்டு.”
“அதைக் குழு சொல்லவேணும், சேர். ஏழாம் பக்கம்.”
என் குரல்தான். சின்னதாக இருந்தது, ஆனால் கேட்டது.
அவர் கண்ணாடியைக் கழற்றினார். எத்தனையாம் ஆண்டு வரை படித்தேன் என்று கேட்டார்.
“பத்து. இதை வாசிக்க அது காணும், சேர்.”
மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார், பிறகு பார்க்கிறாராம். கிடைத்ததென்று திகதி போட்டு ஒரு துண்டுச் சீட்டு தரச் சொன்னேன். இப்போது நேரமில்லை என்றார்.
அவருக்கு நேரம் வரட்டும் என்று, உறையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கதவுக்கு நேரே கிடந்த மர வாங்கில் குந்தினேன்.