சிவப்பு வண்டிக்கு வந்த விலைகள்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மேற்கே இருந்து கச்சான் காற்று. கொடியில் போட்ட துணியெல்லாம் புழுதி. கடையில் ஜெராக்ஸ் தாள் ஒரு கட்டுதான் பாக்கி. வாங்க வேண்டியது: தாள், டோனர், வீட்டுக்காரருக்கு வலி மாத்திரை, பால்.

இன்று பைபாஸ் ரோட்டு ஷோரூமுக்குப் போனேன். சிவப்பு வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, கிளட்ச் இல்லாத சின்ன வண்டி ஒன்று எடுப்பதாகத் திட்டம். வீட்டில் சொன்ன காரணம்: பெட்ரோலைக் குடிக்கிறது, எனக்கு ஓட்டக் கஷ்டம். உண்மைக் காரணம் இந்த நோட்டுக்கு மட்டும். போன மாதம் மதுரை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மிளகாய் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்தாரே, அப்போது செத்த நரம்பு இனிப் பிழைக்காது. இடது பாதம் இப்படியே தொங்கிக்கொண்டுதான் இருக்கும். கிளட்ச் மிதிக்கிற கதை முடிந்தது.

அவரிடம் சொல்லவில்லை. "கொஞ்ச நாளாகும்னாரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். தினமும் காலையில் பாதத்தில் ரப்பர் வாரைக் கட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல?

அது டர்போ வண்டி, மிதித்தால் சீறும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் தனுஷ்கோடி ரோட்டில் அதை ஒரு விரட்டு விரட்டிவிட்டு வந்தால் மனுஷன் அந்த வாரம் முழுக்கச் சிரித்த முகம். மிளகாய் விலை விழுந்தால்கூடக் கவலைப்பட மாட்டார். அதைத்தான் விற்கப் போகிறேன். மரியாதையான விலை வந்தால் மனசைத் தேற்றிக்கொள்வார். அடிமாட்டு விலைக்குப் போனால் தாங்க மாட்டார்.

ஷோரூமில் விலை போடுகிற ஆள் பெயர் தினேஷ். கழுத்தில் டை, சட்டையில் சென்ட். முழிக்கிற முழியே சரியில்லை. நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான்.

"டிஎன் அறுபத்தஞ்சு, கடலோரப் பதிவு மேடம். உப்புக்காத்து வண்டி. அடியில துரு இருக்கும்."

"பாத்துட்டுச் சொல்லுங்க. பாக்காமலே என்ன ஜோசியம்?"

துணைக்கு வந்த கொழுந்தன் பாண்டி, "மதினி, நீங்க சும்மா இருங்க, நான் பேசிக்கிறேன்" என்கிறான். இவன் என்ன பேசப் போகிறான்? தன் ஊர் சிக்கலில் சாப்பிட்டுவிட்டு வந்து பல் குத்திக்கொண்டிருந்தான்.

வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன். துரு கிடையாது. பெயிண்ட் பார்க்கிற மிஷினை வைத்தார்கள். சுத்தம். ஒயரைச் செருகி கம்ப்யூட்டரில் பார்த்தார்கள். அதிலும் ஒன்றுமில்லை. தினேஷின் முகம் தொங்கிப்போனது. ஏழு லட்சம் சொன்னான். மேலிடத்தில் கேட்டுவிட்டு நாளை உறுதி செய்வானாம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "ஏழா? பரவால்லையே. யாரு அந்த ஆளு?" என்று கார்டை வாங்கிப் பார்த்தார். அழவில்லை, கத்தவில்லை. நான்தான் தேவையில்லாமல் பயந்திருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

காற்று நிற்கவே இல்லை. கடையில் கரண்ட் போய்ப் போய் வந்தது.

மதியம் தினேஷ் போன். ஏழு இல்லையாம், ஐந்தே காலாம்.

"ஏன்?"

"டர்போ ஒரு தடவ மாத்திருக்கு போலயே மேடம்."

"யாரு சொன்னா?"

"எங்களுக்குத் தெரிய வரும் மேடம்."

சர்வீஸ் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். டர்போவை யாரும் தொட்டதேயில்லை. யார் காதில் பூ சுற்றுகிறான்? நான் ஜெராக்ஸ் கடைக்காரி. ஒட்டி எடுத்த கையெழுத்தையும் திருத்தின பிறந்த தேதியையும் தினம் பார்க்கிறவள்.

இதில் பாண்டியின் கை இருக்கிறது. நிச்சயம். தன் மகனுக்கு அந்த வண்டி வேண்டும் என்று ஆறு மாதமாகப் பொடி வைத்துப் பேசுகிறான். விலை நன்றாக இறங்கட்டும், பிறகு "வெளிய எதுக்கு மதினி, நானே எடுத்துக்கிறேன்" என்று வந்து நிற்பான். போன் போட்டுக் கேட்டேன்.

"எம் பிள்ள மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது மதினி. இப்படிச் சந்தேகப்பட்டா நான் இனிமே வாரவே இல்ல."

வராதே. ரொம்ப நல்லது.

இவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தே கால் என்றேன். சத்தத்தைக் குறைத்தார்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சுச் சொல்றேன்னேன்."

"ம்."

அவ்வளவுதான். உலகத்தில் எந்த ஆம்பளை தன் வண்டிக்கு இப்படிக் குறைத்துக் கேட்டதைக் கேட்டுவிட்டு "ம்" என்பான்? காலோடு சேர்த்து ரோஷமும் போய்விட்டதா?

ஜூலை 11, வெள்ளி

கீழக்கரை. யாரிடமும் மூச்சு விடாமல் தனியாகப் போனேன். பாண்டிக்குத் தெரியாது. இவரிடம் மட்டும் சொன்னேன்.

வண்டி ஓட்டக் கஷ்டம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, அது சுத்தப் பொய். லேசாக மிதித்தால் போதும், முதுகை சீட்டோடு அழுத்துகிறது. ஏர்வாடிக்குப் போகும் பஸ் ஒன்றைத் தாண்டினேன். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இவர் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்று கொஞ்சம் புரிந்தது.

ஜமால் பாய் பழைய வண்டி வாங்கி விற்கிறவர். அவரிடமே கிளட்ச் இல்லாத வண்டி இரண்டு நின்றன. ஜும்மா தொழுகை முடிந்து வந்தவர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் பானெட்டைத் திறந்தார்.

"மாஷா அல்லாஹ். பிள்ள மாதிரி வச்சிருக்காகளே உங்க வீட்டுக்காரவுக."

ஆறே முக்கால், வெள்ளை வண்டியோடு மாற்றிக்கொள்ளலாம் என்றார். நாளைக்கு அட்வான்ஸ். டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதராகத் தெரிகிறது. அதனாலேயே கொஞ்சம் பயம்.

ஜூலை 12, சனி

பயந்தது சரி.

"நாலே முக்காலுன்னா எடுத்துக்கிறேம்மா. இல்லாட்டி எனக்கு வேணாம்."

"நேத்து ஒரு பேச்சு, இன்னைக்கு ஒரு பேச்சா பாய்?"

"கடத்தண்ணிக்குள்ள நின்ன வண்டியாம்ல. தனுஷ்கோடியில மண்ணுல இறங்கி மாட்டிக்கிட்டுக் கெடந்துச்சாமே."

"யாரு சொன்னா?"

"அத விடுங்கம்மா. பொய் சொல்ற ஆளு இல்ல. நல்ல மனுஷன்."

நல்ல மனுஷனாம்! அந்த நல்ல மனுஷன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும். அவனைப் பெற்றவளே வந்து பரிந்து பேசினாலும் விடமாட்டேன்.

பாண்டிக்குக் கீழக்கரை விஷயமே தெரியாது. அப்படியென்றால் யார்? ஷோரூம்காரனும் பாயும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பார்கள். இந்தப் பொம்பளைக்கு யாரும் நல்ல விலை சொல்லாதீங்க என்று போட்டிருப்பான் அந்த டைக்காரன். அல்லது சர்வீஸ் விடுகிற மெக்கானிக். போன தடவை பில்லில் சண்டை போட்டேன். அல்லது எதிர்வீட்டுக்காரர். வண்டி சத்தத்தில் தூக்கம் போகிறது என்று எப்போதும் புலம்புகிற ஆள். பாண்டியை அநியாயமாகத் திட்டிவிட்டேன். மன்னிப்பெல்லாம் கேட்க முடியாது, அடுத்த முறை வந்தால் மீன் குழம்பு வைத்துப் போடலாம்.

இவரிடமிருந்து மறுபடியும் கேள்வி. "நாலே முக்காலுக்குக் குடுத்துருவியா?"

"பாப்போம்."

"எதுக்குப் பாக்கணும்? வேணாம்னு சொல்லிரு. நிக்கட்டும் இங்கனயே. கால் சரியாகட்டும், நானே ஓட்டுறேன்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஜூலை 14, திங்கள்

கடையைப் பூட்டிவிட்டு நேரே ஷோரூம். தினேஷின் மேசைக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்றைக்கு விலை நான்காம். ஸ்டியரிங் இடது பக்கம் இழுக்கிறதாம்.

"என்னய என்ன கேனச்சின்னு நெனச்சீங்களா? வாங்க, ஏறுங்க."

பைபாஸில் கூட்டிக்கொண்டு போனேன். நேர் ரோட்டில் கையை எடுத்துக் காட்டினேன். வண்டி கோடு போட்ட மாதிரி போனது. அவன் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஓட்டம் நல்லாத்தான் இருக்கு மேடம்."

"பெறகு?"

"ரிப்போர்ட்ல ஏறிருச்சு. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ரிப்போர்ட்ல ஏத்துனது யாரு?"

கண்ணாடிக்கு வெளியே பார்த்தான்.

ஷோரூமுக்குத் திரும்பியதும் நான் கிளம்பி வந்திருக்க வேண்டும். வேறு நாளாக இருந்தால் அவன் டையைப் பிடித்து இழுத்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் அந்தக் கிளட்ச் இல்லாத வண்டி கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிறது. வலது காலே போதும் அதற்கு. ஆஸ்பத்திரிக்குத் தவிர இவர் வாசல் கேட்டைத் தாண்டி எத்தனை மாதம் ஆகிறது. தன் மிளகாய்க் கமிஷன் கடைக்குப் போவதில்லை, கல்யாணத்துக்கு வருவதில்லை, பக்கத்தில் உத்தரகோசமங்கை கோயிலுக்குக் கூப்பிட்டாலும் வேண்டாமென்று தலையாட்டிவிடுகிறார். நான் விலை பேசிக்கொண்டே இருந்தால் இவர் கட்டிலோடு ஒட்டிப்போவார். வண்டி முக்கியமா, மனுஷன் முக்கியமா?

சரி என்றேன். நான்கு. கையெழுத்து அவருடையது வேண்டும், நாளை வாங்கி வருகிறேன் என்றேன்.

பிறகு வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு அழுதேன். வீட்டில் விலையைக் கூட்டிச் சொல்லலாமா என்று யோசனை. ஏற்கெனவே ஒரு பொய்யைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். இன்னொன்று முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று அடங்கிவிட்டது. கடை திறக்கவில்லை.

இவர் ரப்பர் வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன்.

"நாலு. சரின்னுட்டேன்."

வாரைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

"அப்ப டாக்டர் சொல்லிட்டாரு. கால் வராது. அப்படித்தான மல்லிகா?"

கட்டிலோரம் இருந்த காலி டம்ளரை எடுத்தேன்.

"ரெண்டு பேருக்கும் போன் போட்டது நான்தான். டர்போ மாத்துனது, கடத்தண்ணியில நின்னது, ஸ்டியரிங் இழுக்குறது, எல்லாம் நான் சொன்னது. வீட்டுல சொல்லிராதீகன்னு கேட்டுக்கிட்டேன்."

அந்த நல்ல மனுஷன் இவர்தான்! எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. "பைத்தியமா உங்களுக்கு? ஒரு வாரமா என்னய நாயா அலைய விட்டீங்களே, ஊர்ல ஒருத்தன் விடாம சந்தேகப்பட்டேனே" என்று கத்தினேன். கையில் இருந்த டம்ளரை எறிந்தேன். சுவரில்தான். கத்தி முடித்த பிறகு அவர் சொன்னார்.

"எந்த விலைக்கு நீ முடியாதும்பன்னு பாத்தேன். காய்கறிக்காரன்ட்ட அஞ்சு ரூவா விடமாட்ட. கால் வரும்னா இந்த விலைக்கு என் வண்டியக் குடுப்பியா? ஏழுல முடிஞ்சிருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. உங்கிட்ட நேரா கேட்டா, கொஞ்ச நாளாகும்னே சொல்லுவ."

எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் கூப்பிட்டது, என்னென்ன வார்த்தை சொன்னார், வாடகைக் காரில் திரும்பி வரும்போது பரமக்குடி வரை நான் ஏன் தூங்குகிற மாதிரி நடித்தேன் என்பது வரை. கேட்டுக்கொண்டே முழங்காலைத் தடவினார். அழுதார். நானும். எவ்வளவு நேரமோ.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "போன எடு" என்றார். தினேஷுக்குப் போட்டார். ஸ்பீக்கரில்.

"தம்பி, தங்கவேலு பேசுறேன். நான் சொன்ன கொறையெல்லாம் பொய்யி. வண்டி சுத்தமான வண்டி. ஏழே போடுங்க."

"சார், வண்டியக் குடுக்குற அன்னைக்கு எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க."

"ஏலே, நான் பொய் சொன்னப்ப நம்புன, உண்மையச் சொன்னா நம்ப மாட்டேங்கிற!"

"ரிப்போர்ட்ட மாத்தணும்னா ஓனர் நேர்ல வரணும் சார்."

"வாரேன். என் சம்சாரம் ஓட்டும், நான் பக்கத்துல உக்காந்து வாரேன். நீயும் ஏறு. ஒவ்வொண்ணா காட்டுறேன். அதுக்குப் பெறகு ஏழுக்குக் கொறஞ்சா திருப்பிக்கிட்டு வந்துருவோம்."

வைத்துவிட்டார். வெள்ளைச் சட்டை கேட்டார். இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். இப்போது ஷேவ் செய்துகொண்டிருக்கிறார், தண்ணீர் சத்தம் கேட்கிறது. அதற்குள் இதை எழுதுகிறேன். ஆர்.சி., இன்சூரன்ஸ், சர்வீஸ் புத்தகம் எல்லாம் பையில் வைத்தாகிவிட்டது.

விழுந்த நாளிலிருந்து அந்தக் காலை யாரையும் தொட விட்டதில்லை. என்னைக்கூட. கூப்பிடுகிறார், இடது காலுக்குச் செருப்பை மாட்டிவிடச் சொல்லி.