கூப்பிடும் கை

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். வாய்க்கால் நிறையத் தண்ணீர், பொட்டுக் காற்று இல்லை. கேமராவுக்கு ஸ்டாண்டு முடிந்தது. உடைந்த டேபிள் ஃபேனின் தண்டு, இரண்டு கிளிப், பழைய போன். மனைவி ஜுலேகாவின் கட்டிலுக்கு நேர் எதிரே.

பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சுப் போனது, வலது கை போனது. மிச்சம் 'த்ச்' என்று ஒரு சத்தமும் இடது கையும்.

கம்ப்யூட்டருக்குப் பழக்கிய சைகைகள்:
தண்ணீர் - கட்டைவிரல் வாய்ப்பக்கம்.
வலி - முஷ்டி.
பாத்ரூம் - சுண்டுவிரல்.
வா - உள்ளங்கை கீழே, விரல்களை மடக்கி மடக்கி.

படங்களில் இருப்பது என் இடது கை. அவளைச் சிரமப்படுத்த வேண்டாமென்று நானே காட்டி நானே எடுத்தது.

முதல் மூன்றும் அவள் கையிலும் தெரிகின்றன. 'வா' மட்டும் ஒரு தடவைகூட வரவில்லை. அது வந்தால்தான் மோட்டார் ரிப்பேர் கடையில் என் போன் அடிக்கும். முன்பு எல்லாவற்றுக்கும் அடிக்க வைத்திருந்தேன்; மூக்கைச் சொறிந்தால் தண்ணீர் என்றது. அதனால் முதலில் 'வா', பிறகு மற்றவை.

உதவிக்கு வரும் மல்லிகா குளிப்பாட்டிவிட்டுப் பத்து மணிக்குப் போகிறாள். நான் சாப்பாட்டுக்கு வருவது ஒரு மணி. நடுவில் மூன்று மணி நேரம். போன மாதம் அந்த நேரத்தில்தான் கட்டிலிலிருந்து விழுந்தாள்.

ஆகஸ்ட் 6, புதன்

மகள் பர்வீன் சென்னையிலிருந்து போன்.

"அத்தா, பதினஞ்சாம் தேதி லீவுக்கு வர்றேன். அம்மாவ என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"எதுக்கு?"

"பெல் வாங்கி மாட்டுனீங்களே, ஒரு தடவ அழுத்துனாங்களா? அவங்களுக்கு எதுவும் புரியல அத்தா. நீங்கதான் ஒத்துக்க மாட்டேங்கிறீங்க."

"புரியுது."

"எப்படிச் சொல்றீங்க?"

போனை வைத்துவிட்டேன்.

கடையில் இரண்டு மோட்டார். ஒன்று முழுக்கப் புகைந்து போனது. மத்தியானம் அவளுக்கு ஊட்டிவிட்டு நான் சாப்பிடவே மறந்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஜும்மா முடிந்து பஸ் பிடித்து மன்னார்குடி. காலேஜில் கம்ப்யூட்டர் வாத்தியார், முப்பது வயது இருக்கும். 'வா' வராததைச் சொன்னேன்; நின்றபடியே கேட்டுக்கொண்டார். "இதுக்கெல்லாம் ஆயிரக்கணக்குல டேட்டா வேணும் பெரியவரே. நீங்க மோட்டாரப் பாருங்க."

உட்காரச் சொல்லவில்லை. இதை எழுதி வைக்கிறேன்.

மோட்டாருக்குக் காயில் கட்டவும் எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எரிந்ததைப் பிரித்துப் பிரித்து, சுற்று எண்ணிக் கற்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

மல்லிகா கிளம்பும்போது: "அக்கா நல்லா எக்சர்சைஸ் பண்றாங்க பாய். நான் வாசப்படி தாண்டுனா போதும், அந்தக் கையத் தூக்கு தூக்குன்னு தூக்குறாங்க."

பிசியோதெரபி பெண் சொன்னதுதான். நல்ல கையால் விழுந்த கையைத் தூக்கி இறக்க வேண்டும். நல்லது, செய்யட்டும்.

'வா' இன்றும் இல்லை. வெளிச்சமா, ஜன்னல் திரையா? திரையைக் கழற்றினேன். பிரயோஜனமில்லை.

தேங்காய் எண்ணெய் வாங்க வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

எரிந்த காயிலைப் பிரிப்பது மாதிரி இதையும் பிரித்துப் பார்ப்பது என்று உட்கார்ந்தேன். கம்ப்யூட்டர் அடையாளம் தெரியாமல் தள்ளிய படங்களெல்லாம் 'ஒன்றுமில்லை' என்ற பெட்டியில் சேரும். ஒருநாளும் திறந்ததில்லை. இன்று திறந்தேன்.

எல்லாம் அவள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து நெஞ்சுவரை தூக்குகிறாள். உள்ளங்கை கீழே. மணிக்கட்டை இரண்டு ஆட்டு. செத்த விரல்கள் மடங்கி விரிகின்றன. கண் வாசலில்.

எக்சர்சைஸ் இல்லை இது.

நாற்பத்தோரு வருஷம் சமையல்கட்டு வாசல் நிலையில் நின்று என்னை இப்படித்தான் கூப்பிட்டாள். சத்தம் போட்டுக் கூப்பிட்டதில்லை. பீச்சாங்கையால் என்னிடம் எதுவும் நீட்டியதில்லை, ஒரு தம்ளர்கூட. தண்ணீர் கேட்கலாம், வலி சொல்லலாம். புருஷனை அந்தக் கையால் கூப்பிட மாட்டாள்.

நாள்நாளாகக் கூப்பிட்டிருக்கிறாள். கீழே விழுந்த அன்றும் கூப்பிட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

கேட்டேன். "என்னையா கூப்பிட்ட?"

கண்ணை மூடித் திறந்தாள். ஆமாம்.

"பெல்ல ஏன் அழுத்தல? வேலக்காரனக் கூப்பிடற மாதிரி இருக்குன்னா?"

மறுபடி மூடித் திறந்தாள்.

"பீச்சாங்கையாலயே கூப்பிட்டுத் தொலையேன். மெஷினுக்கு மரியாதையெல்லாம் தெரியாது."

"த்ச்."

அரை மணி நேரம் வாதாடினேன். நான் பிடிவாதக்காரன் என்று ஊரே சொல்லும். ஊர் இவளோடு குடித்தனம் பண்ணியதில்லை.

சரி, மெஷின்தான் மாற வேண்டும்.

ஆகஸ்ட் 13, புதன்

இரண்டு நாளாகக் கடை பாதி ஷட்டர். கைகள் ஒன்றையொன்று பிடித்திருப்பதால் விரல் புள்ளிகள் குழம்புகின்றன. விரலை விட்டேன். தோள், முழங்கை, மணிக்கட்டு மட்டும் எடுத்தேன். இரண்டு மணிக்கட்டும் சேர்ந்து நெஞ்சுவரை வந்து ஆடினால் 'வா'. ஆடாமல் தலைக்கு மேல் போனால் எக்சர்சைஸ்.

படங்கள் இந்த முறை அவளுடையவை. சலிக்காமல் காட்டினாள். நடுவில் நான் தப்பான பட்டனை அமுக்கியதற்கு ஒரு 'த்ச்'.

பழைய இடதுகை 'வா'வை அழிக்கவில்லை. உழைத்துச் செய்தது, கிடக்கட்டும்.

சாயங்காலம் சோதனை. பத்தில் எட்டு. மழைத் தூறல்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

காலை ஆறு மணிக்குப் பர்வீன். பெரிய பெட்டி, காலியாக. தூக்கியபோதே தெரிந்தது.

மெஷினைப் பற்றிச் சொன்னேன். "சரி அத்தா, சரி" என்றாள், காய்ச்சல்காரனிடம் சொல்வது போல. கடைக்குப் போய்விட்டேன்.

பத்தேகாலுக்குப் போன் அடித்தது. கழுத்தில் செப்புக்கம்பிச் சுருளோடு ஓடினேன். ஒரு செருப்பு தெருவிலேயே போனது.

பர்வீன் அலமாரியைத் திறந்து அம்மாவின் புடவைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பதானே போனீங்க? யாரு வரச் சொன்னா?"

"உங்கம்மா."

"அம்மா எங்க கூப்பிட்டாங்க? சும்மா எக்சர்சைஸ்தான் பண்ணுனாங்க."

கட்டிலில் ஜுலேகா. பர்வீனைப் பார்த்துக்கொண்டே வலது கையை இடது கையால் தூக்கினாள். இரண்டு ஆட்டு. என் கையில் போன் அடித்தது.

பர்வீன் கையில் புடவையோடு நின்றாள். "அம்மா... நான் பேசுனதெல்லாம் புரிஞ்சுதா?"

கண் மூடித் திறந்தது. பிறகு ஜுலேகா வலது கையைக் கீழே விட்டாள். இடது கையை நீட்டினாள். உள்ளங்கை கீழே, விரல்களை மடக்கி மடக்கி. பெற்ற மகள்தானே, அந்தக் கை போதும்.

போன் மறுபடி அடித்தது. பழைய 'வா'.

பர்வீன் கட்டிலுக்குப் போய்விட்டாள். புடவைகளை நான்தான் திரும்ப அலமாரியில் வைத்தேன். கோணல்மாணல். அம்மாவும் மகளும் ஒருத்தர் கையை ஒருத்தர் விடவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. அணைக்கவில்லை.