ராஜா ஏன் கத்தினார்?

அம்மாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாத்திரையைத் தலையணைக்கடியில் ஒளிக்காமல் விழுங்கு. நான் நன்றாக இருக்கிறேன்.

இங்கே ஒரு வேடிக்கை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, ஒரு கதையைப் படித்துப் புரிந்ததை முன்னால் வந்து சொல்லச் சொன்னேன். எல்லோர்மீதும் எரிந்துவிழும் ஒரு ராஜாவின் கதை. தலைமையாசிரியை வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருந்தார். ஒரு குட்டிப் பெண் சொன்னாள்: "ராஜாவுக்குப் பயம். அதான் கத்துறாரு."

"யாரைச் சொல்ற? இதுவும் டீச்சர் சொல்லிக்குடுத்ததா?" என்று பாய்ந்தார் தலைமையாசிரியை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதான்! இனிமேல் குழுவும் கிடையாது, பேச்சும் கிடையாது என்று உத்தரவு வேறு.

பிள்ளை அழுதுகொண்டே, "தப்பா சொல்லிட்டேனா டீச்சர்?" என்றாள்.

"இல்ல கண்ணு, கதையை நீதான் சரியாப் புரிஞ்சுக்கிட்ட" என்றேன். அவர் காதில் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

அன்றிலிருந்து ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. நிற்கட்டும். குழுக்களை நான் கலைக்கவில்லை.

ஒரு ஆளுக்கு மட்டும் சமைக்கிற மாதிரி சின்னப் பாத்திரம் இருந்தால் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் சீக்கிரம் வைத்துவிடாதே அம்மா. மணியடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்